மஞ்சள் தலை சிலிண்டர்

நண்பா,

இன்று காலை பட்டறை மூலையிலிருந்து உன் சிலிண்டரை வெளியே இழுத்தேன். சாம்பல் உடம்பு, மஞ்சள் தலை, நீ பெயிண்டால் கோணலாக எழுதிய ‘22’. நீ கண்ணை மூடிய பிறகு அதை யாரையும் தொட விட்டதில்லை.

கருவேப்பிலங்குறிச்சி பால்கடை அக்காவுக்காகத்தான் எடுத்தேன். பால் வைக்கும் அவருடைய பழைய கூலர் நின்றுவிட்டது. கசிவை அடைத்துவிட்டேன், ஏற்றத்தான் குளிரூட்டும் கேஸ் இல்லை. ஓசோனைக் கெடுக்கிறது என்று இந்த இருபத்திரண்டாம் நம்பர் கேஸை ஒழித்துக்கொண்டு வருகிறார்களே, புது மெஷினில் போடக் கூடாது, பழையதைப் பழுதுபார்க்க மட்டும் கொஞ்சம் வருகிறது. வேப்பூர் வரை அலைந்தும் கிடைக்கவில்லை.

“வேற ஒருத்தரு எரியற கேஸ ஏத்தித் தரேங்கறாரு. ஏத்திக்கட்டுமாங்க?” என்றார் அக்கா. கூலரை ஒட்டித்தான் அவருடைய டீ அடுப்பு. “வேணாங்கா, சாயந்திரத்துக்குள்ள வரேன்” என்று கிளம்பிவிட்டேன்.

திட்டக்குடி ஐஸ்கிரீம் கடை நினைவிருக்கிறதா? பழைய ஐஸ் பெட்டியைக் கழற்றப் போயிருந்தோம். கேஸைப் பிடித்து வைக்க வேண்டும் என்பது விதி. கடைக்காரருக்கோ அவசரம். “சும்மா தொறந்து வுடுங்க, யாரு பாக்கப் போறாங்க?” என்றார்.

“வெளிய வுட்டுட்டா, அப்புறம் கூப்புட்டா வருமாங்க?” என்றாய் நீ. மெஷின் கேஸைச் சிலிண்டருக்குள் இழுத்து முடிக்கும்வரை சாப்பிடாமல் பக்கத்திலேயே குந்தியிருந்தாய். “காத்தக்கூட சேத்து வெக்கிற கஞ்சன்டா நீ” என்று வழியெல்லாம் உன்னைக் கிண்டல் செய்துகொண்டு வந்தேன்.

அந்த கேஸ்தான் இந்தச் சிலிண்டரில் இருந்தது. நீ கடைசியாகப் பிடித்து வைத்தது. இதையும் திறந்துவிட்டால் உன்னுடையது என்று பட்டறையில் எதுவும் மிஞ்சாதே என்று வால்வைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் வண்டியில் வைத்துக் கட்டினேன்.

வடிகட்டியை மாற்றி, கேஸை ஏற்றி, கூலரைப் போட்டேன். சற்று நேரத்தில் குழாய் குளிர்ந்து வேர்த்தது. “எங்க கெடச்சுதுங்க?” என்றார் அக்கா. “அவன் வெச்சிட்டுப் போனதுங்கா” என்றேன். அக்கா முந்தானையால் கூலர் மூடியை ஒருமுறை துடைத்தார்.

காலிச் சிலிண்டரோடு திரும்பும்போது, ஆள் நடமாட்டமில்லாத இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தி, உன் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டேன். நீ சொன்னது சரிதான்டா.

நாளை ஜங்ஷன் பக்கம் ஒரு ஓட்டலில் பழைய பெட்டியைக் கழற்றுகிறேன். உன் சிலிண்டரையும் எடுத்துப் போகிறேன்.