படம் வராத அரை நிமிடம்

சென்ற வாரம் என் தென்காசி வீட்டில் புது டிவியைச் சுவரில் மாட்டினார்கள். செட்டாப் பாக்ஸ் எதிர்ச்சுவர் அலமாரியில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே வயர் கிடையாது. இந்தப் பக்கம் ஒரு சின்னப் பெட்டி, அந்தப் பக்கம் ஒன்று, அவ்வளவுதான். மாட்ட வந்தவர், "இடையில ஆளு நின்னா படம் விட்டு விட்டு வரும், சார்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் சுவரோரம் ஒதுங்கிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் உம்மை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடையநல்லூரில் நீர் கல்யாண வீடியோ எடுத்த காலமெல்லாம் நிக்காஹ் கீழே நடக்கும். பெண்கள் மாடியில் டிவியில் பார்ப்பார்கள். கேமராவை வெளியே எடுக்கும் முன்பே மாடிவரை வயரை இழுத்து, படிக்குப் படி டேப் ஒட்டுவீர். ஐந்தருவியில் வெள்ளம் வந்தால் என் பத்திரிகைக்குப் படம் எடுத்துத் தந்ததும் நீர்தான். அருவிக்கு இவ்வளவு மெனக்கெட்டதில்லை. கேட்டால், "கீழ இருக்கவன் நேராப் பாக்கான். மேல இருக்கவளுக்கு இந்த வயருதான வே கண்ணு" என்பீர்.

உம் மகள் கல்யாணத்துக்கு உம் மைத்துனர் துபாயிலிருந்து வயர் வேண்டாத இப்படியொரு ஜோடிப் பெட்டி கொண்டுவந்தார். ஒன்றைக் கேமரா ஸ்டாண்டின் பக்கவாட்டிலும் மற்றதை மாடிக் கைப்பிடியிலும் கட்டினீர். பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஒப்புக்கொடுக்க வேண்டும். உம்மால் கேமரா பக்கம் நிற்க முடியாது. காவலுக்கு என்னை வைத்தீர்.

"உமக்கு ஒரே சோலிதான். பெட்டிக்கு முன்னால எவனையும் நிக்க விடாதேயும்."

விடவில்லை. உம் பெரியப்பா மகனையே தள்ளி நிற்கச் சொன்னேன். ஆனால் நீர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தபோது உம் குரல் இறங்கிவிட்டது. வார்த்தை காதில் விழவில்லையென்றால் செய்தியாளனுக்குக் கால் தானே நகரும். இரண்டடி முன்னால் போய் நின்றேன். மாடியில் ஏதோ சத்தம் எழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. விலகியபோது நிக்காஹ் முடிந்து பேரீச்சம்பழம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

உம் வீட்டம்மா படியிறங்கி வந்தார். "ஏங்க, நீங்க கை குடுக்கப்ப படமே வரலையே."

"கேமரா கார்டுல பதிஞ்சிருக்கு. போட்டுக் காட்டுதேன்."

"அது நடந்து முடிஞ்சதுல்லா. நான் நடக்கும்போது பாக்கணும்னு இருந்தேன்."

நீர் என்னைப் பார்த்தீர். பிறகு அவரிடம், "உங்க அண்ணன் வாங்குன பெட்டி வேற எப்படி இருக்கும்?" என்றீர்.

"எங்க அண்ணன்னா உங்களுக்கு எப்பவும் எளக்காரந்தான்."

மறுநாள் என்னிடம், "மறைச்சது நீருதான் வே. சொன்னா உம்மை வீட்டுப்படி ஏத்தமாட்டா" என்றீர். பாவம், உம் மைத்துனர் லீவில் வரும்போதெல்லாம் அந்தப் பெட்டிக்காகக் கேலி வாங்கினார். நானும் கூடச் சிரித்தேன்.

நீர் போன பிறகு, கணவனை இழந்தவர் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு ஒதுங்கியிருக்கும் இத்தாக் காலம் முடியும்வரை உம் வீட்டம்மாவை வெளியாட்கள் பார்க்க வழியில்லை. நேற்றுதான் போனேன். உட்கார்ந்ததும், அன்று பெட்டியை மறைத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியுமே அண்ணாச்சி" என்றார். "கார்டப் போட்டுப் பாத்தன்னைக்கே தெரியும். படத்து ஓரத்துல உங்க தோளும் பாதி மொகமும் கெடக்கு. உங்களக் காட்டிக்குடுக்காம அவுக எங்க அண்ணனப் போட்டு வையுதாக. நானும் தெரியாத மாதிரியே அண்ணனுக்காகச் சண்ட போட்டேன்."

"கோவம் வரலையா?"

"வந்துச்சு. ஆனா அந்த ஓரத்துல நீங்க கண்ணத் தொடைக்கீக. எம் மகளுக்காவ அழுத மனுசன என்னன்னு வைய?"

அழுதது எனக்கு நினைவில்லை. எந்த வார்த்தைக்காக முன்னால் போனேனோ அதுவும் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் ஒன்றைப் பார்த்தேன். சொல்லி முடித்த பிறகும் நீர் கையை எடுக்கவில்லை. உம் கட்டைவிரல் மாப்பிள்ளையின் மணிக்கட்டில் நடுங்கிக்கொண்டிருந்தது. கேமரா இருந்த பக்கத்திலிருந்து அது தெரியாது. நடக்கும்போது அதைப் பார்த்தவன் நான்தான். இத்தனை காலம் என்னிடமே இருந்ததை நேற்று அவரிடம் சொன்னேன்.



"இன்னொரு தடவ சொல்லுங்க, அண்ணாச்சி" என்றார்.

சொன்னேன்.