ஆம்புலன்ஸ் வேண்டாம், ஊர்ப்பங்கு வேண்டும்

என் பிரியமுள்ள மைனிக்கு,

நீங்கள் பாட்டுக்குக் கல்லறைத் தோட்டத்தில் நிம்மதியாகப் படுத்திருக்கிறீர்கள். இங்கே ஊர்க்கூட்டத்தில் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

மீன் விற்ற பணத்தில் ஊர்ப்பங்கு எடுக்கிற நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? நிறையப் பிடித்தவர் நிறையக் கொடுப்பார். வெறும் வலையோடு வந்தவரிடம் யாரும் கேட்க மாட்டார்கள். அதை மாற்றச் சொல்லி லூர்து முதலாளி எழுந்தார். அவருக்கு விசைப்படகுகள், ஐஸ் கம்பெனி, ஏற்றுமதி. போதாததற்குத் துறைமுகச் சாலையோரம் வளைத்துப் போட்ட நிலம்.

"பெரியவன் சின்னவன் எதுக்கு? எல்லா போட்டுக்கும் ஒரே தொகை. ஊருக்குப் புது ஆம்புலன்ஸ் நான் தாரேன்" என்றார்.

முதலில் கைதட்டியது யார் தெரியுமா? ஒற்றை வள்ளம் வைத்திருக்கிற என் மகன் அந்தோணி! முதலாளி ஒரு போட்டுக்குக் கொடுக்கிற தொகையைத் தன் வள்ளத்துக்கும் கொடுத்தால் கௌரவமாம். "முதலாளியும் நானும் ஒண்ணுன்னு ஆயிட்டுல்லாம்மா" என்கிறான். சேசுவே, எனக்கு வந்ததே ஒரு கோபம்!

முதலாளியின் அப்பா கொடுத்த ஆம்புலன்ஸ் ஞாபகம் இருக்கிறதா மைனி? உங்களுக்கு நெஞ்சு வலித்த அன்று அது கொட்டகையில் பளபளவென்று நின்றது, பக்கவாட்டில் அவர் அப்பா படத்தோடு. ஓட்டத்தான் ஆள் இல்லை. டிரைவருக்கு மாதாமாதம் யார் சம்பளம் கொடுப்பது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மீன் டெம்போவில் உங்களைப் படுக்க வைத்துத் தூத்துக்குடிக்கு ஓடினோம். பாதி வழியில் என் கையைப் பிடித்திருந்த உங்கள் கை தளர்ந்துவிட்டது. எப்படி மறப்பேன்?

எழுந்தேன். "ஏலே அந்தோணி, உன் அத்தை டெம்போவுல போனது மறந்துட்டா?" என்றேன். அவன் தலை குனிந்தான். முதலாளியிடம் திரும்பினேன்.

"நீங்க மனசு வச்சா வண்டி தருவீங்க. மனசு மாறினா? காணிக்கைன்னா நாங்க கும்பிட்டு நிக்கணும். பங்குன்னா கணக்கு கேப்போம்."

"கவர்மெண்டுக்கே வரி கட்டுதேன், போதாதா?"

"நான் வாங்குத சோப்புக்கும் நீங்க வாங்குத சோப்புக்கும் ஒரே வரிதான். உங்க சொத்து வளந்துக்கிட்டே கெடக்கே, அதுக்கு?"

நாட்டிலும் இதே கதைதானே மைனி? பெரும் சொத்துக்கு முன்பு இருந்த செல்வ வரியையும் எடுத்துவிட்டார்கள். திரும்பக் கொண்டுவந்தால் பணக்காரர்கள் ஓடிவிடுவார்களாம். ஓடட்டுமே! துறைமுகத்தையும் கடலையும் சுருட்டிக்கொண்டா ஓடப் போகிறார்கள்? ஊர் போட்ட ரோட்டில் லாரி ஓட்டிச் சேர்த்தவர்கள் ஊருக்குக் கொடுப்பதில் என்ன அநியாயம்?

கை தூக்கச் சொன்னார்கள். பழைய வழக்கமே இருக்கட்டும் என்று முதலில் எழுந்த கை அந்தோணியுடையது. பிறகு முதலாளியின் போட்டில் வேலை பார்க்கிறவர்களே தூக்கினார்கள். ஊர்ப்பங்கு நிலைத்தது. அதில் முதல் செலவு கொட்டகையில் நிற்கிற பழைய வண்டிக்கு டிரைவர் சம்பளம் என்று தீர்மானம் போட்டாயிற்று. நான் அழுதுவிட்டேன், சிரிக்காதீர்கள்.

இனி ஓட்டுக் கேட்டு எவர் வந்தாலும், பெரிய சொத்துக்கு வரி போடுவீர்களா என்று கேட்காமல் வாசலைத் தாண்ட விடமாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம். ஊர்ப்பணத்தில் நம் வண்டியும் வரும் மைனி. அதில் யார் படமும் இருக்காது. டிரைவர் இருப்பார்.

உங்கள் கையை இன்னும் விடாத நாத்தனார்,
செலின்