சம்பந்தி தின்ற மெழுகு

அன்பு மகன் அருண்பாண்டியனுக்கு அப்பா எழுதுவது. இடைசெவலில் நானும் அம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், ஜப்பானில் நகோயாக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதியில் அம்மா பிடுங்கிக்கொள்வாள் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

ஐப்பசி மழையில் டிரான்ஸ்பார்மர் போய் மூன்று நாள் கரண்ட் இல்லை. எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகள் ஒரு பிஸ்கட் டின் நிறையச் சேர்ந்துவிட்டன, தூரப் போட மனசு வரவில்லை. சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கி, அம்மாவின் டீ வடிகட்டியில் வடித்து, நிறத்துக்கு உன் பழைய மஞ்சள் கிரேயானையும் போட்டேன். தையல் நூலை முறுக்கித் திரியாக டம்ளரில் நிறுத்தி ஊற்றினேன். ஆறியதும் பற்ற வைத்தால் திரி சுருண்டு உள்ளே போனதே தவிர எரியவில்லை. மீதி மெழுகைத் தட்டில் ஊற்றி, மறுபடி உருக்கத் தோதாகச் சதுரம் சதுரமாகக் கீறி அடுக்களையில் வைத்தேன். வினை அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார் புதியம்புத்தூர் சோலைச்சாமி. கட்டினால் தீபலட்சுமியைத்தான் கட்டுவேன் என்று நீ நிற்கிறாயே, அவளுடைய அப்பாவேதான். ஆறு மாதமாக "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று பிடிகொடுக்காத மனிதர். நான் சட்டை மாட்டிக்கொண்டு வருவதற்குள், உன் அம்மா பதற்றத்தில் தட்டிலிருந்ததை நான் வாங்கிவைத்த மைசூர்பாகு என்று நினைத்து, காப்பியோடு கொண்டுபோய் வைத்துவிட்டாள். நான் பார்க்கும்போது அவர் மென்றுகொண்டிருந்தார். வெகுநேரம் மென்றார். இனிப்பு எப்படி இருக்கு அண்ணாச்சி என்று அம்மா வேறு கேட்கிறாள். அவர் முழுங்கிவிட்டு, "இனிப்பு கொஞ்சம் கம்மி. நல்லதுதான், எனக்குச் சுகர் இருக்குல்லா" என்று சொல்லி இரண்டாவது துண்டை எடுத்தார்.

சொன்னால் உன் கல்யாணம் போச்சு, சொல்லாவிட்டால் அதையும் தின்பார். "கீழ வைங்க அண்ணாச்சி, அது மெழுகு" என்று சொல்லிவிட்டேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "சம்பந்தி வீட்டுப் பலகாரத்தைத் துப்பக் கூடாதுன்னுல்லா முழுங்கினேன்" என்றார். அவர் வாயிலிருந்து சம்பந்தி என்ற சொல் வந்ததை நான் கவனித்துக்கொண்டேன்.

தையல் யூனிட் வைத்திருப்பவர் இல்லையா, டம்ளரிலிருந்த திரியை நகத்தால் நிமிண்டிப் பார்த்து, "இது பாலியஸ்டர் நூலு, உருகத்தான் செய்யும். பருத்தி நூல் வேணும்" என்றார். என் பழைய வேட்டி ஓரத்தில் நூல் உருவி அவரே முறுக்கித் தந்தார். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு பேரும் அடுக்களையில் உட்கார்ந்து நாலு வர்த்தி ஊற்றினோம். நாலும் நின்று எரிந்தன.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "ஊருக்குள்ள விசாரிச்சேன். எல்லாரும் உங்கள நல்லவிதமாவே சொன்னாவ, அதுலதான் எனக்குச் சந்தேகம். காரியம் கெட்டாலும் பரவாயில்லன்னு உள்ளதச் சொன்னீயளே, அது போதும். தையில வச்சுக்கிடுவோம்."

மறுநாள் போனில் விசாரித்தேன், வயிற்றுக்கு ஒன்றும் இல்லையாம். நீ அவருக்குப் பேசு, மாமா என்று கூப்பிடு. நீயும் தீபலட்சுமியும் நிறைந்து வாழ எங்கள் ஆசீர்வாதம். லீவுக்கு இன்றைக்கே எழுதிக் கொடு, அம்மா மண்டபம் பார்க்கப் பஸ் ஏறிவிட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜெயபாண்டி