கேளம்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் லட்சம்

மேற்குத் தாம்பரம்
செவ்வாய்க்கிழமை

அன்புக் கண்ணு தமிழினிக்கு,

அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் அலையாமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அதில் பாதிதான் உண்மை. முதலில் வெட்கத்தை விட்டு ஒன்று சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. போன வாரம் உன் அப்பாவின் போனைத் திருடிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டதில் மாடித் தொட்டி மொத்தமும் காலி. மேல்வீட்டு ஜெஃப்ரி தலையில் சோப்பு நுரையோடு இறங்கி வந்து இன்னாக்கா ஆச்சு என்று கதவைத் தட்டினான். வயிறு சரியில்லைப்பா என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு மூன்று வீட்டிலிருந்து எனக்கு மோர் வந்தது. அந்த ஜெஃப்ரிதான் இன்று ராத்திரி ஃப்ளைட்டில் அங்கே வருகிறான், இந்தக் கடிதத்தை அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். வீட்டில் இருப்பது ஒரே போன், அதில் எதை அனுப்பினாலும் உன் அப்பா படித்துவிடுவார். அதனால்தான் என் அஞ்சாங்கிளாஸ் கையெழுத்தை நீ படிக்கவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். இரண்டு மாதம் முன்னால் அப்பா போனுக்கு ஒரு வீடியோ வந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தன், பின்னால் ஒரு ஆஸ்பத்திரி படம், அம்பது வயசைத் தாண்டினவங்களுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் இனிமே டபுள், கட்டினாலும் ஒரு பைசா திரும்பாது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். கடைசியில் அவனே ஏதோ கார்டு விற்கிறான், அதற்கு ஒரு நம்பர். உன் அப்பா கடைசி வரைக்கும் பார்த்தால்தானே. அவருக்குத்தான் மைக் இல்லாத மேடை ஒன்று மூன்று சக்கரத்தில் ஓடுகிறதே. தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ நிரம்பினதும் வீடியோவைச் சத்தமாகப் போட்டுவிடுவார். வண்டலூர் வரைக்கும் டபுள். கண்டிகையில் யாராவது ஐயையோ என்றால் அது மூன்று மடங்கு. மாம்பாக்கத்தில் வாய் பிளந்தால் நான்கு. கேளம்பாக்கத்தில் இறங்கும்போது வருஷத்துக்கு லட்சம் ரூபாய் ஆகிவிடும். ஸ்டாப்புக்கு ஸ்டாப் டிக்கெட் ஏறுகிற மாதிரி. நடுவில் தன் பங்குக்கு ஒரு நக்கல் வேறு, பல்லுக்குத் தனி ரேட்டு பல்குச்சிக்குத் தனி ரேட்டு என்று. எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரித்தேன். நம் பாலிசிக்குக் கெடு வந்து போனதையும் அவர் கட்டாமல் விட்டதையும் கேட்கும் வரைக்கும்.

இன்னாய்யா இது என்றேன். லட்சம் கேப்பான் தனம், நம்மளால ஆவுமா, விட்டுத் தள்ளு என்றார். யார் கேட்டது என்றால் துணியை எடுத்துக்கொண்டு ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டார். நான் சும்மா விடுவேனா, பாலிசி போட்டுக் கொடுத்த கஸ்தூரிரங்கன் சாரைத் தேடிச் சேலையூர் போய்விட்டேன். அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கண்ணு, ஏறியிருக்கிறது, ஏறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். வயசு கூடக் கூட ஏறுமாம். ஆனால் ஏறினது நம் ஆட்டோவுக்கு டயர் மாற்றுகிற அளவுகூட இல்லை. மேலே போட்டுக்கொண்டிருந்த வரியையும் இப்போது எடுத்துவிட்டார்களாம். பணம் வருமா சார், வராதுன்றானே என்றதற்கு, சில நேரம் இழுத்தடிப்பாங்கம்மா, சிலதை வெட்டுவாங்க, பொய் சொல்ல மாட்டேன், ஒரு பைசா வராதுங்கிறது மட்டும் சுத்தப் பொய் என்றார். அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குச் சோறு இறங்காமல் செய்தது. கெடுவுக்கு மேல் கொடுத்த நாளும் இந்த வெள்ளியோடு முடிகிறது. அதைத் தாண்டினால் பழைய பாலிசி போச்சு, புதுசு எடுத்தால் அப்பாவின் சர்க்கரைக்கும் அது இழுத்துவிடுகிற எதற்கும் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம்.

இதை வந்து சொன்னால், இந்தா சாட்சி, நீயே கேளு என்று போனை நீட்டிவிட்டு, நான் வாங்குவதற்குள் ஒரு சவாரி வந்து அவர் போய்விட்டார். அதைத்தான் மறுநாள் பாத்ரூமில் கேட்டேன். அவர் போனுக்குப் புதுசாக வந்த ஒரு ஆடியோ, யாரோ ஒரு பெண், முகம் இல்லை, அழுகைக் குரல் மட்டும். எங்க வூட்டுக்காரருக்கு லட்சம் கட்டினோம், ஒண்ணும் வர்ல, பல்லுக்குத் தனி ரேட்டு, பல்குச்சிக்குத் தனி ரேட்டு என்று அழுகிறாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் மறுபடி முதலிலிருந்து போட்டுக் கேட்டேன். உன் அப்பா விட்ட பேச்சு கேளம்பாக்கத்தில் இறங்கி, எங்கெங்கோ சுற்றி, அழக் கற்றுக்கொண்டு அவரிடமே திரும்பி வந்திருக்கிறது. அது உன் நக்கல்தான்யா என்றால், நானே சொன்னாலும் ஊரே சொல்லுதே என்கிறார்.

மாம்பாக்கத்தில் துளசிங்கம் என்று ஒருத்தர் ஏறுவார், கேளம்பாக்கத்தில் செக்யூரிட்டி வேலை, அப்பாவின் பேச்சுக்கு முதலில் சிரிப்பவர் அவர்தான். அவரும் கட்டாமல் விட்டிருக்கிறார். வேலை செய்கிற கேட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், இன்னும் கண் திறக்கவில்லை, இருந்த ஒரே மனையை விற்க விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமை அவர் சம்சாரம் ஆஸ்பத்திரிக்குப் போக நம் ஆட்டோவில் ஏறியிருக்கிறது. அது உன் அப்பாவைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை கண்ணு. நல்ல வேளை நீங்க சொன்னீங்கண்ணா, இல்லாங்காட்டி கட்டின துட்டும் சேர்ந்து போயிருக்கும் என்று கையெடுத்துக் கும்பிட்டதாம். அன்றைக்கு வந்தவர் சாப்பிடவில்லை. வீடியோ போடுவதில்லை, பாட்டும் போடுவதில்லை. கண்டிகையில் ஏறுகிறவர்கள் அண்ணா இன்று லட்சம் எவ்வளவு ஆச்சு என்று கேட்கிறார்களாம், இவர் கண்ணாடியையே பார்த்து ஓட்டுகிறாராம்.

இதையெல்லாம் எழுதிவிட்டேன், எழுத வந்ததை இன்னும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போகும்போது ரயில்வே மேம்பாலத்துப் படியில் பாதியில் நின்றுவிட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரயில் வருதா பார்க்கிறேன் என்றார். ரயில் வரவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ராத்திரி இடது கையைத் தேய்த்துக்கொண்டே படுத்திருக்கிறார், கேட்டால் ஹேண்டில் பிடித்த வலி என்கிறார். முப்பது வருஷமாகப் பிடிக்கிற ஹேண்டில். ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தால், உள்ள போனா லட்சம், வெளிய வர்றது பொணம் என்கிறார். அந்த வெள்ளைச் சட்டைக்காரன் வார்த்தை, லட்சம் மட்டும் இவர் சேர்த்தது.

அதனால் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். கடிதம் கிடைத்ததும் அவருக்குப் போன் செய். நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதே. அப்பா உனக்குக் கை வலிக்குதா என்று மட்டும் கேள், உன்னிடம் அவருக்குப் பொய் வராது. டாக்டரிடம் போகிறேன் என்று சத்தியம் வாங்கு. பாலிசியை நான் பார்த்துக்கொள்கிறேன், என் சீட்டுப்பணம் இருக்கிறது. கஸ்தூரிரங்கன் சார் அங்கிருந்தே கட்டிவிடுவார், அதற்கு அப்பா போனுக்கு ஒரு நம்பர் வருமாம், அதை மட்டும் சொன்னால் போதுமாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர் இப்போது குளிக்கக் கிளம்புகிறார். போன் அடுப்படியில்தான் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள் கண்ணு. தலைக்கு எண்ணெய் வை. யார் எதை அனுப்பினாலும், அழுதாலும், இரண்டு பேரிடம் கேட்காமல் நம்பாதே. நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே.

உன் அம்மா
கு. தனம்

கவரை ஒட்டுவதற்கு முன்: அப்பா போனிலேயே சாரைக் கூப்பிட்டுக் கட்டச் சொன்னேன். உடனே நம்பரை அனுப்பவைத்தார். நம்பர் வந்த சத்தம் கேட்டது, பாத்ரூம் தாழ்ப்பாள் திறக்கிற சத்தமும் கேட்டது. போன் கை தவறி இட்லி மாவுக்குள் போய்விட்டது. எடுத்துத் துடைத்தேன், திரை வெள்ளையாகவே இருக்கிறது, அரிசிக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். அப்பா போன் இல்லாமலே கேளம்பாக்கம் சவாரிக்குக் கிளம்பிவிட்டார். நம்பர் தெரியவில்லை. விழும்போது என் விரல் எங்கே பட்டதோ, அந்தச் சட்டைக்காரன் மட்டும் அரிசிக்குள்ளிருந்து பேசிக்கொண்டிருக்கிறான்.