குன்றின் மேலும் கயோங்கோ பூத்தது

அன்பு மகள் அகேயோவுக்கு, அம்மா எழுதுவது. என் முட்டிவலி ஒன்றைத் தவிர இங்கே எல்லாரும் சுகம், அந்தக் குளிர் ஊரில் நீயும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஆண்டவரை வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். போனில் பேசினால் முற்றம் முழுக்கக் கேட்கும், உன் சின்னம்மா அடிகினிக்குக் காது நீளம், அதனால்தான் மான்செஸ்டர் திரும்பும் உன் சிநேகிதி கையில் இந்தக் கடிதம். சால்வை வந்தது. அவளுக்கும் அதே நிறத்தில் ஒன்று வந்ததையும் பார்த்தேன். பெற்றவளுக்கும் அப்பாவின் இரண்டாம் தாரத்துக்கும் ஒரே சால்வையா என்று கேட்க மாட்டேன், ஆனாலும் நிறத்தையாவது மாற்றியிருக்கலாம்.

நம் கீழ்வயலைப் பற்றிக் கேட்காதே. பெருமழை இந்த வருஷமும் பிந்தித்தான் வந்தது, நாலு நாள் கொட்டிவிட்டு ஓடிவிட்டது, அப்புறம் ஏரிப் பக்கமிருந்து ஒரே அனல். மக்காச்சோளம் முழங்கால் உயரம் வருவதற்குள் அதன் அடியில் கயோங்கோக் களை ஊதாப்பூவாய் விரிந்துவிட்டது. மண்ணில் கொஞ்சம் ஈரம் இருந்தும் பயிர் தாகத்தில் சாவதுபோலச் சுருண்டு கிடக்கிறது, வேரோடு வேராக ஒட்டிக்கொண்டு உறிஞ்சுகிறதே அந்தச் சனியன். அடிகினியின் குன்றுவயலோ கருகருவென்று பச்சை. பாகம் பிரித்தபோது மூத்தவள் என்று எனக்குக் கீழ்வயல், அவளுக்கு ஒன்றும் விளையாத குளிர்மேடு. பாவம் என்று ஊரே உச்சுக்கொட்டியது, நானும்தான். இப்போது குளிர் விட்டுப்போன அந்த மேட்டில் கதிர் தடித்து நிற்கிறது, உங்கப்பாவும் உகாலிக் களி சாப்பிட அங்கேயே போய்விடுகிறார். கேட்டால் "மேல காத்து நல்லா இருக்கு" என்கிறார். காற்றாம்! தட்டு நிறைகிறது என்று சொல்ல வேண்டியதுதானே. எனக்கு வயிறு எரிந்தது மகளே, ஆராதனையில் அவள் வாயைத் திறந்து பாடினாலே எனக்குச் சுருதி தப்பியது.

போன வாரம் மண்வெட்டி கேட்கிற சாக்கில் மேலே ஏறினேன், உண்மையில் அவள் கதிரைப் பார்த்து இன்னும் கொஞ்சம் எரியத்தான். வயலுக்கு நடுவே அடிகினி எதையோ பிடுங்கிச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஓரத்தில் ஊதாப்பூ எட்டிப் பார்த்தது. கயோங்கோ, குன்றின் மேல்! எனக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது, அடக்க முடியவில்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லா சிரிங்கக்கா, இதப் பாக்கத்தானே மூச்சு வாங்க ஏறி வந்தீங்க. ஊருக்குத் தெரிஞ்சாலும் பரவால்ல, உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் ஒளிஞ்சு ஒளிஞ்சு பிடுங்குறேன்" என்றாள். உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தது. பார்த்தால் பூத்ததை மட்டும் பிடுங்கியிருக்கிறாள், சின்னதையெல்லாம் அப்படியே விட்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு போய் ஆத்திரம் வந்தது. "பூக்கறதுக்கு முன்னாடி பிடுங்கணும்டி மக்கு, காய் வெடிச்சா தூசி மாதிரி விதை கொட்டும், நம்ம காலத்துக்கும் மண்ணை விட்டுப் போகாது" என்று கத்திவிட்டு நானும் குனிந்தேன். வெயில் உச்சிக்கு வரும்வரை இரண்டு பேரும் பிடுங்கினோம். பிறகு அவளாகவே, "இத்தனை நாள் குளிர்தான்க்கா எனக்குக் காவல் இருந்துச்சு, அதுவும் போயிடுச்சு" என்றாள்.

விவசாய ஆபீஸ் பெண் ஒரு தீவனக்கொடியைப் பற்றிச் சொன்னாள். பயிர் வரிசைக்கு நடுவே அதைப் போட்டால் கயோங்கோ விதை முளைத்தாலும் ஒட்டிக்கொள்ள முடியாமல் செத்துப்போகுமாம். கொடி வேர்பிடிக்க ஈரம் வேண்டும், அது அவள் மேட்டில்தான் நிறைய இருக்கிறது, அங்கே வேர்விட்டதை என் வயலுக்கும் கொண்டுவரலாம். வெட்டிப் போட்டால் தின்ன மாடு வேண்டும், அது என்னிடம் இருக்கிறது. அதனால் இரண்டு வயலிலும் சேர்ந்தே நடுகிறோம். பலன் தெரிய இரண்டு மூன்று போகம் ஆகுமாம். உங்கப்பா வரப்பில் நின்று, "ரெண்டு பேரும் கூட்டு சேந்துட்டீங்க, இனி என் பாடு திண்டாட்டம்தான்" என்று முனகுகிறார். அவள் கதிரிலும் பாதியைக் கயோங்கோ சுருட்டிவிட்டது, இந்த அறுப்பில் இரண்டு வீட்டிலும் குறைச்சல்தான். இத்தனை வருஷம் அவள் வயலைப் பார்த்து எரிந்தேன், நேற்றும் பழக்கத்தில் அந்தப் பக்கம் பார்த்தேன், எரிய ஒன்றும் இல்லை. அதுதான் மகளே பயமாக இருக்கிறது.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கை தொட்ட நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே, விடுமுறைக்கு வந்தால் முதல் ராத்திரி என் வீட்டில்தான் படுக்க வேண்டும், மேலே எவ்வளவு மீன் பொரித்து வைத்துக் கூப்பிட்டாலும் சரி.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற ஒரே அம்மா,
அவினோ