மூன்று கடிதத்திலும் நன்றி

மத்திகிரி
14.8.1988

அன்புள்ள மகன் முனிவேலுக்கு, அம்மா சென்னம்மாள் சொல்லத் தங்கச்சி பவளம் எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், கோயம்புத்தூர் பாலிடெக்னிக் ஹாஸ்டலில் நீயும் அப்படித்தான் இருக்கிறாயா என்பதை ஒளிக்காமல் எழுத வேண்டும்.

போன மாதத்திலிருந்து வந்த மூன்று கடிதத்திலும் நன்றி நன்றி என்று எழுதியிருக்கிறாய், சோறு போட்டதற்கு நன்றி, ஜுரத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததற்கு நன்றி. பெற்றவளுக்கு யாராவது நன்றி சொல்வார்களா? பவளத்தை இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னேன். உன் அப்பா கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். போன வருஷம் அவர் ஷிப்டில் பதினாறு பேரை நிறுத்தியபோது ஆளுக்கொரு தாள் கொடுத்தார்களே, அதிலும் இத்தனை நாள் உழைத்ததற்கு நன்றி என்றுதான் இருந்தது. "கம்பெனிக்காரன் நன்றின்னு எழுதுனா வெளிய போன்னு அர்த்தம். இவன் படிப்ப உட்டுட்டு எங்கியோ கெளம்பறான்" என்றார். அன்றைக்கே பஸ் ஏறப் பார்த்தார், லீவு கிடைக்கவில்லை.

உன்னோடு படிக்கிற பாஸ்கரன் போன வாரம் ஊருக்கு வந்தபோது விசாரித்தேன். புது வாத்தியார் வெள்ளிக்கிழமைதோறும் யாருக்காவது நன்றி எழுதச் சொல்கிறாராம், எழுதினால் பையன்களுக்கு மனசு தெளிகிறதாம், படிக்கவும் தோன்றுகிறதாம். இரண்டு பாடத்தில் பெயிலாகிப் போர்வைக்குள் கிடந்த நீ இப்போது முதல் ஆளாக ஒர்க்‌ஷாப் போகிறாயாம். பெயிலானதை ஏன் எங்களுக்கு எழுதவில்லை? அதை மறைத்தவன் நன்றியை மட்டும் மனசாரவா எழுதியிருப்பாய்? பாஸ்கரனும் நீ சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்துவிட்டுப் போயிருப்பான் என்று சந்தேகமாக இருக்கிறது. மார்க் ஷீட்டைத் தபாலில் அனுப்பு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, மெஷின் பக்கம் கவனமாக நில். முனியப்பசாமி உன்னைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
அம்மா சென்னம்மாள், கைநாட்டு

அண்ணா, இது அம்மா சொன்னதில்லை, நானே எழுதுகிறேன். கடைசிக் கடிதத்தில் எனக்கென்று எழுதியிருந்ததை நான் அவர்களுக்கு வாசித்துக் காட்டவில்லை. "பவளம் எட்டாவதோடு நின்றதால்தான் நான் படிக்கிறேன், அவளுக்கு நன்றி" என்று எழுதியிருந்தாய். நானாக நிற்கவில்லை, நிறுத்தினார்கள். அது உனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை இல்லாமல் வேறு ஏதாவது ஒரு நாளில், வாத்தியார் சொல்லாமல், அதையே இன்னொரு தரம் எழுது. வந்தால் சத்தமாக வாசிக்கிறேன்.