எரித்துவிடாதே, அக்கா

சிங்கப்பூர்
7 மார்ச் 2011

அன்புள்ள சுலிஸ் அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனை முதலாளியம்மா ஞாயிறன்றுதான் தருகிறார், அதனால் எழுதுகிறேன். உன்னிடம் விட்டுவந்த என் மகன் பாயுவுக்கு அனுப்பிய முயல் படம் போட்ட டயப்பர் வந்ததா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று திட்டாதே. இங்கிருந்துகொண்டு அவனுக்கு வேறு என்ன செய்ய முடிகிறது?

ஒன்று மட்டும், அக்கா. அழுக்கு டயப்பரைக் குப்பை வண்டியில் போட்டால் கொண்டுபோய் எரிப்பார்கள். எரித்தால் பிள்ளைக்குப் பின்புறம் வெந்துவிடும் என்று நம் கிரெசிக்கில் தெரியாதவர் யார்? ஓடுகிற ஆற்றில் விட்டால்தான் அவன் உடம்பு குளிர்ச்சியாக இருக்கும். ஆற்றில் குப்பை போடாதே என்று ஊருக்கு உபதேசம் செய்யும் பெண்கள் சங்கத் தலைவி நீ. இருந்தாலும் பாயுவுடையதை ஆற்றில்தான் விடுவேன் என்று எனக்குச் சத்தியம் செய்திருக்கிறாய்.

உன் தங்கை
எண்டாங்

கிரெசிக்
2 மே 2011

அன்புத் தங்கைக்கு,

வ அலைக்கும் ஸலாம். பாயு நலம். நான்தான் நலமில்லை.

நேற்று ஆற்று முகத்துவாரத்தில் சங்கத்துப் பெண்கள் நட்ட அலையாத்திக் கன்றுகளைப் பார்க்கப் போனோம். பாதி சாய்ந்து கிடந்தன. ஊறி உப்பிய டயப்பர்கள் சிக்கி, கன்றுகளைச் சேற்றுக்குள் இழுத்திருந்தன. "எவ போட்டான்னு தெரியட்டும், கைய ஒடிக்கிறேன்" என்று கத்திக்கொண்டே பக்கத்து வீட்டு ரொகாயா ஒன்றைத் தூக்கினாள். முயல் படம். இந்தக் கரையில் வேறு எந்த வீட்டிலும் அது கிடையாது. தினமும் பாயுவைத் தூக்கிக் கொஞ்சுகிறவளுக்குத் தெரியாதா? அதை மெல்லக் கீழே வைத்தாள். பிறகு, "பையன் நல்லாருக்கானாக்கா?" என்று மட்டும் கேட்டாள். வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவமானத்தில் அந்தச் சேற்றிலேயே புதைந்துவிடலாம் போலிருந்தது.

மாதக் கூட்டத்தில் தலைவி பதவியை விட்டுவிடுவேன். இனி டயப்பரோடு ஆற்றங்கரைக்குப் போக எனக்குக் கால் வராது. ஆனால் அவன் உன் பிள்ளை. உன்னைக் கேட்காமல் வண்டியில் போட்டு, அவனுக்கு ஒரு சிவப்புத் தடிப்பு வந்தாலும் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? போனில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. சரி என்று ஒரு வரி எழுது.

சுலிஸ்

சிங்கப்பூர்
15 மே 2011

அக்கா,

வண்டியிலேயே போடு. கூட்டத்தில் என் பேரைச் சொல்லிவிடு, ஆற்றில் போடச் சொன்னவள் நான்தான்.

நான் இங்கே பார்த்துக்கொள்ளும் பெண் குழந்தைக்கும் டயப்பர்தான். தினமும் கழற்றிச் சுருட்டிச் சமையலறைச் சுவரில் உள்ள குப்பைத் துவாரத்தில் தள்ளுகிறேன். இந்த ஊரில் குப்பையை எரிக்கிறார்கள் என்று வந்த புதிதிலேயே எனக்குத் தெரியும். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பாயுவுக்காக அவ்வளவு பயந்த நான், அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒருநாள்கூடப் பயந்ததில்லை. உன் கடிதம் வந்த பிறகுதான் அது உறைத்தது. அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் அக்கா அவள் தூங்குவாள்.

எண்டாங்